துணை ஷெரீப்: பேர் ஒருவருக்கு, வேலை ஒருவருக்கா?

அமெரிக்கப் படக்காட்சிகளில் மார்பில் நட்சத்திர வில்லையைக் குத்திக்கொண்டு, இடுப்பில் துப்பாக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு, குதிரைமேல் ஏறிவரும் ஷெரீப் என்கின்ற உத்தியோகஸ்தரை நம் ஜனங்களில் பலர் பார்த்திருப்பார்கள். திருடனைப் பிடிப்பவரும் அவரே, கைதியைப் பூட்டுபவரும் அவரே, கடைசியில் கைதட்டு வாங்குபவரும் அவரே என்பதாகத்தான் படத்தில் காட்டப்படுகின்றது. ஆனால் அந்த ஷெரீப்புக்கு அடுத்தபடியாக ஒருவர் இருக்கின்றார் என்பதையும், அவருக்கு அண்டர் ஷெரீப், அதாவது துணை ஷெரீப் என்று பெயர் என்பதையும், ஷெரீப்பின் பேரால் நடக்கும் காரியங்களில் பெரும்பாகம் இவர் கையால்தான் நடந்துவருகின்றது என்பதையும் கவனிப்பவர்கள் மிகச் சிலரேயாவார்கள்.

"எங்கோ ஒரு தேசத்து உத்தியோகத்தைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். ஆனால் பேர் ஒருவருக்கும் வேலை ஒருவருக்குமாகப் பங்கு போடப்பட்ட எந்த உத்தியோகத்திலும் இரண்டு கெடுதிகள் வந்தே தீரும். பேருக்குரியவர், "எனக்கு ஒன்றும் தெரியாது, கீழே உள்ளவர்கள் செய்துவிட்டார்கள்" என்பார். வேலைக்குரியவர், "என்மேல் என்ன தப்பு? மேலே உள்ளவர் சொன்னார், செய்தேன்" என்பார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட குடிஜனங்கள், தங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு யாரைப் பிடித்துக் கேட்பது என்று தெரியாமல் திகைக்க வேண்டியதுதான். இந்தச் சூழ்ச்சி எப்படி உண்டாகின்றது, எப்படி வளருகின்றது என்பதைத் தெரிந்துகொள்ளுவதற்குத் துணை ஷெரீப் உத்தியோகத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஆகவேதான் இதைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

ஷெரீப் வந்த வரலாறு

ஷெரீப் என்பது அமெரிக்காவில் பிறந்த உத்தியோகமல்ல. அது இங்கிலாந்தில் ஆயிரம் வருஷங்களுக்கு முன்னாலேயே இருந்தது. அந்த நாட்டில் ஜில்லாவுக்கு ஷயர் என்று பெயர். ரீவ் என்றால் ராஜாவின் காரியத்தைப் பார்ப்பவன் என்று அர்த்தம். ஷயருக்கு ரீவாக இருந்தவனே ஷெரீப் ஆனான். ராஜாவுக்கு வரவேண்டிய வரியை வசூலிப்பதும், கோர்ட்டு கூட்டுவதும், குற்றவாளியைப் பிடிப்பதும், சண்டைக்கு ஆள் திரட்டுவதும் எல்லாம் அவன் வேலையே. அதிகாரம் இப்படி ஒரே கையில் குவிந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஷெரீப்புகளின் கொள்ளையைப் பற்றிய புகார் பொறுக்க முடியாமல் போய், 1170ஆம் வருஷத்தில் இரண்டாம் ஹென்றி ராஜா விசாரணை வைத்து அவர்களில் பெரும்பாலோரை வேலையிலிருந்து நீக்கவேண்டியதாயிற்று. 1215இல் ஏற்பட்ட மாக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனத்திலுங்கூட, சுதந்தர மனிதனுடைய குதிரையையும் வண்டியையும் அவனுடைய சம்மதமில்லாமல் ஷெரீப் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று ஒரு விதி எழுதவேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் அவர்கள் எப்படி நடந்திருப்பார்கள் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

காலம் போகப் போக ஷெரீப்பின் அதிகாரங்கள் ஒவ்வொன்றாய் வேறு உத்தியோகஸ்தர்களுக்குப் போய்விட்டன. அதிகாரம் போனாலும் ஆடம்பரம் போகவில்லை. வருஷத்திற்கு ஒருவராக நியமிக்கப்படுவதும், சம்பளமில்லாமல் தன் கைப்பணத்தையே செலவு செய்வதும், வெல்வெட்டு அங்கியும் வாளும் அணிந்து ஜட்ஜுகளை வரவேற்பதும் ஷெரீப்பின் பெருமை ஆகிவிட்டன. அவரை நியமிப்பதே ஒரு வேடிக்கை. பெயர்கள் எழுதிய தோல் சுருளை ராஜா முன் வைப்பார்கள். அவர் ஒரு ஊசியால் வேண்டிய பெயருக்கு நேரே குத்துவார். அதற்கு ஒரு புராணமும் கட்டிவிட்டார்கள். முதலாம் எலிசபெத்து ராணி தையல் வேலை செய்துகொண்டிருக்கும்போது சுருளைக் கொண்டுபோனார்களாம். பேனா இல்லாததால் கையிலிருந்த ஊசியால் குத்தினாளாம். அன்று முதல் அதுவே வழக்கமாயிற்றாம்! ஆனால் அந்த ராணியின் பாட்டனாராகிய ஏழாம் ஹென்றி காலத்துச் சுருளிலேயே ஊசிக்குத்து இருக்கின்றது. பேனாவினால் போட்ட குறியைக் கத்தியால் சுரண்டிவிடலாம், ஓட்டையைச் சுரண்ட முடியாது என்பதுதான் அறிவுக்குப் பொருத்தமான காரணமாகத் தெரிகின்றது. கைப்பணம் செலவழியும் உத்தியோகமாதலால் அதிலிருந்து தப்பித்துக்கொள்ளப் பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் ஊசியின் மகிமை விளங்கிவிடும்.

வேலை செய்தவர் யார்?

நிற்க, ஷெரீப் வெல்வெட்டு அங்கியோடு நின்றால், கவுண்டியின் வேலையை யார் செய்வது? கோர்ட்டு உத்தரவைச் சார்வு செய்ய வேண்டும். கடன்காரன் சொத்தை ஜப்தி செய்ய வேண்டும். ஜூரர்களை அழைக்க வேண்டும். தேர்தல் உத்தரவுகளைக் கவனிக்க வேண்டும். மரணதண்டனை விதிக்கப்பட்டவனைத் தூக்கிலிட ஏற்பாடு செய்ய வேண்டும். இவைகளையெல்லாம் செய்தவர்தான் துணை ஷெரீப். இவர் பெரும்பாலும் சட்டம் படித்த ஒரு வக்கீலாயிருப்பார். ஷெரீப் வருஷத்திற்கு வருஷம் மாறுவார். துணை ஷெரீப்போ பல வருஷங்கள் தொடர்ந்து இருப்பார். புதிதாய் வரும் பணக்கார கனவான் சட்டம் அறியமாட்டாராதலால், துணை ஷெரீப் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அந்தக் காலத்து ஜமீன்களில் ஜமீன்தார் பட்டம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, காரியஸ்தர் ஊரை ஆண்டதைப் பார்த்த நமக்கு இது ஆச்சரியமாயிராது.

இதில் கெடுதி இருக்கின்றது என்பது அந்த நாட்டாருக்குத் தெரியாமலில்லை. துணை ஷெரீப் ஒருவர் ஒரு வருஷத்திற்கு மேல் அந்த வேலையில் இருக்கக்கூடாது என்றும், இருந்தால் 200 பவுன் அபராதம் என்றும் 15ஆம் நூற்றாண்டில் ஆறாம் ஹென்றி ராஜா காலத்திலேயே சட்டம் செய்தார்கள். அந்த வேலையிலிருக்கும்போது வக்கீல் தொழில் நடத்தக்கூடாது என்றும் விதித்தார்கள். ஒருபக்கம் வழக்கு நடத்தி, மறுபக்கம் அந்த வழக்கின் ஜப்தியையும் தானே நிறைவேற்றினால் பட்சபாதம் வராமலிருக்குமா? ஆனால் நடந்தது என்ன? 1765இல் பிளாக்ஸ்டன் என்ற பேர்பெற்ற சட்ட பண்டிதர் எழுதிய நூலில், இந்த விதிகள் வெட்கமில்லாமல் மீறப்பட்டு வந்ததை எடுத்துச் சொல்லுகின்றார். வேறு வக்கீல்களின் பேரால் தொழில் நடத்துவதாம். பேருக்கு ஒரு பொய்த் துணை ஷெரீப்பை நிறுத்திவிட்டு உள்ளே பழைய ஆளே இருப்பதாம். ஷெரீப் என்பதே ஒரு பேர். அதற்குக் கீழே துணை ஷெரீப் என்று வேலை செய்யும் ஒரு ஆள். பிறகு அந்தத் துணை ஷெரீப்புக்கே பேருக்கு ஒரு ஆள்! பொய்க்கு ஒரு தரம் இடம் கொடுத்தால் அது எத்தனை அடுக்கு மாடி கட்டிக்கொள்ளுகின்றது பாருங்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. ஷெரீப் தன் வருஷம் முடிவதற்குள் செத்துப்போனால் என்ன செய்வது? 1887ஆம் வருஷத்து ஷெரீப் சட்டத்தில் அதற்கு ஏற்பாடு இருக்கின்றது. அடுத்த ஷெரீப் வரும்வரை துணை ஷெரீப்பே எல்லா வேலையையும் செய்யவேண்டும். இதுவரையில் சரி. ஆனால் யார் பேரால் செய்யவேண்டும் என்றால், செத்துப்போனவர் பேரால் செய்யவேண்டுமாம்! ஆள் புதைகுழியில் இருக்க, அவர் பேரால் வாரண்டு போகும், ஜப்தி நடக்கும். ஷெரீப் உயிரோடு இருந்தாலும் செத்துப்போனாலும் கவுண்டியின் காரியம் ஒரே மாதிரி நடக்கும் என்று பார்லிமெண்டே ஒப்புக்கொண்டு சட்டமாய் எழுதிவைத்ததற்குப் பிறகு, ஷெரீப்பால் ஆகும் வேலை என்ன என்பதற்கு நாம் வேறு சாட்சி தேடவேண்டுமா?

இருந்தாலும் ஒரு விஷயத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய இங்கிலீஷ் சட்டம் ஷெரீப்பை முழுவதும் தப்பவிட்டுவிடவில்லை. கடனுக்காகச் சிறையில் வைக்கப்பட்டவன் ஓடிப்போனால் அந்தக் கடனை ஷெரீப்பே கொடுக்கும்படி செய்தது. கீழே உள்ளவன் செய்த தப்புக்கு மேலே உள்ளவனைப் பிடித்தது. அதற்குப் பயந்து ஷெரீப்புகள் துணை ஷெரீப்பிடம் ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பணத்தைப் பொறுத்தமட்டில் இந்த ஏற்பாடு நியாயமானதே. ஆனால் பணத்தால் அளக்க முடியாத தப்புக்கு யார் ஜவாப்தாரி என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் 2004இல் ஹைக்கோர்ட்டு ஜப்தி வேலைகள்கூட வேறு உத்தியோகஸ்தர்களிடம் ஒப்புவிக்கப்பட்டுவிட்டன. ஊசிக்குத்தும் வெல்வெட்டு அங்கியும் மாத்திரம் குறைவில்லாமல் நடந்துவருகின்றன.

நம் சென்னைக்கும் இந்தச் சரக்கை இங்கிலீஷ்காரர்கள் கொண்டுவந்து இறக்கியதை இங்கே சொல்லவேண்டும். 1726ஆம் வருஷத்துச் சாசனத்தின்படி மேயர் கோர்ட்டோடு ஷெரீப்பும் வந்தார். நாளடைவில் அது ஊரில் பிரபலமான ஒருவருக்கு வருஷந்தோறும் கொடுக்கப்படும் கௌரவப் பட்டமாகி, கூட்டம் கூட்டுவதற்கும் பெரிய மனிதர்களை வரவேற்பதற்குமே பயன்பட்டு, 1998இல் ஒழிக்கப்பட்டது. ஒழிந்ததால் சென்னையில் எந்தக் கோர்ட்டுக் காரியமும் நின்றுபோனதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் நடப்பது

இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறினவர்கள் இந்த உத்தியோகத்தையும் கூடவே எடுத்துப் போனார்கள். வர்ஜீனியாவில் 1634இலேயே ஷெரீப்புகள் ஏற்பட்டார்கள். ஆனால் அந்த நாட்டில் ஒரு பெரிய மாறுதல் செய்தார்கள். ராஜாவின் ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஜனங்களுடைய ஓட்டினால் ஷெரீப்பைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அங்கே சுமார் 3,000 ஷெரீப்புகள் இருக்கின்றார்கள். பெரும்பாலான மாகாணங்களில் அவர்கள் ஓட்டுப் பெற்றே வரவேண்டும். வேலையும் பேருக்கல்ல. நகரசபை எல்லைக்கு வெளியே போலீசு காவல், கவுண்டி ஜெயில், கோர்ட்டுக் காவல், சம்மன் சார்வு, குடியிருப்பவரை வீட்டைவிட்டு வெளியேற்றும் உத்தரவு ஆகிய இவைகள் எல்லாம் பெரும்பாலான இடங்களில் அவருடைய இலாகாவைச் சேர்ந்தவை. ஆகையால் ராஜா குத்தும் ஊசியைவிட ஜனங்கள் போடும் ஓட்டு மேல் என்பதில் நமக்குச் சிறிதும் சந்தேகமில்லை.

ஆனால் துணை ஷெரீப் விஷயத்தில் ஜனங்களுக்கு ஓட்டு உண்டா என்றால், இல்லை. அவரை ஷெரீப்பே நியமித்துக்கொள்ளுகின்றார். சில இடங்களில் அவருக்கு அண்டர் ஷெரீப் என்றும், சில இடங்களில் தலைமை டெபுடி என்றும் பெயர். மாசசூசெட்ஸில் விசேஷ ஷெரீப் என்பார்கள். பேர் எதுவானாலும் வேலை ஒன்றே. ஷெரீப் கூட்டங்களில் பேசுவார். பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லுவார். அடுத்த தேர்தலுக்கு ஆதரவு தேடுவார். துணை ஷெரீப் பட்ஜெட் போடுவார். யாரை எங்கே போடுவது, யாரை உயர்த்துவது, யாரைத் தண்டிப்பது என்று பார்ப்பார். ஜெயில் நிர்வாகத்தைக் கவனிப்பார். சில மாகாணங்களில் ஷெரீப் தேர்தலுக்கு நிற்பவருக்குப் போலீசு அனுபவமே வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் துணை ஷெரீப்பின் பிடி எவ்வளவு பலமாயிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஷெரீப் செத்தாலோ விலகினாலோ, நியூயார்க், கொலராடோ போன்ற மாகாணங்களில் புதிய ஆள் வரும்வரை துணை ஷெரீப்பே அந்த இடத்தில் நின்று வேலை பார்க்க வேண்டுமென்று சட்டம் இருக்கின்றது. அதாவது ஜனங்கள் ஒரு ஓட்டுக்கூடப் போடாத ஒருவர் ஒரே நாளில் ஒரு கவுண்டிக்கே ஷெரீப்பாகிவிடலாம்.

ஷெரீப்பின் தயவில் வந்தவர் ஷெரீப்பின் தயவிலேயேதான் நிற்கவேண்டும். 1970இல் சிக்காகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில் கட்சி மாறிப் புதிய ஷெரீப் வந்தபோது, எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர்கள் என்பதற்காகப் பழைய சிப்பந்திகளை நீக்கினார். அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் சம்மன் இலாகாவின் தலைமை டெபுடியும் ஒருவர். 1976இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, கட்சிக்காக மாத்திரம் சாதாரணச் சிப்பந்திகளை நீக்குவது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் கொள்கையை வகுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது என்று அதிலேயே ஒரு விலக்கும் வைக்கப்பட்டது. ஷெரீப்புக்கு அடுத்த படியில் உட்கார்ந்திருப்பவர் பொதுவாக அந்த விலக்கில்தான் அகப்பட்டுக்கொள்ளுவார். ஆகவே கடைநிலை டெபுடிக்கு இருக்கின்ற தைரியம்கூடத் துணை ஷெரீப்புக்கு இருப்பதற்கில்லை. அதிகாரமோ மலை அளவு; ஆதாரமோ ஒரு மனிதனுடைய முகக்குறிப்பு. இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவன் முகஸ்துதிக்காரனாய் மாறாமல் மனிதனாகவே இருப்பது எவ்வளவு கஷ்டம்!

பத்து டாலரும் ஒரு ஷெரீப்பும்

இதற்கு மாறாக நடந்துகொண்ட ஒரு ஷெரீப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பின்னால் இரண்டு தரம் அமெரிக்காவின் பிரசிடெண்டாயிருந்த குரோவர் கிளீவ்லாந்து என்பவர் 1871 முதல் 1873 வரை பஃபலோ நகரம் அடங்கிய ஈரி கவுண்டியின் ஷெரீப்பாயிருந்தார். அப்போது மரண தண்டனையை நிறைவேற்றுவது ஷெரீப்பின் கடமை. ஆனால் பத்து டாலரை ஒரு டெபுடியிடம் கொடுத்தால் அந்த வேலையை அவனே செய்துவிடுவான். ஷெரீப் கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் இருக்கலாம். கிளீவ்லாந்து அப்படிச் செய்யச் சம்மதிக்கவில்லை. சட்டம் என்மேல் சுமத்தியுள்ள வெறுக்கத்தக்க வேலையை எனக்குக் கீழே இருப்பவன் என்பதற்காக இன்னொருவன் தலையில் கட்டமாட்டேன் என்ற எண்ணத்தோடு, 1872இலும் 1873இலும் ஆக இரண்டு தரம் தானே விசையைத் தள்ளினார். 1884இல் அவர் பிரசிடெண்டு தேர்தலுக்கு நின்றபோது எதிரிகள் அவரைப் பஃபலோ தூக்கன் என்று பரிகாசம் செய்தார்கள்.

தூக்குத் தண்டனை சரியா தப்பா என்பது வேறு விஷயம். அது கூடவே கூடாது என்பவர்களும் இந்த ஒரு இடத்தில் அந்த மனிதரை மெச்சத்தான் வேண்டும். பரிகாசம் செய்த கனவான்கள் யார் என்பதை யோசித்துப் பாருங்கள். தூக்கு வேண்டும், ஆனால் தூக்குப்போடும் கை நம்முடையதாயிருக்கக்கூடாது. அழுக்கு எடுபட வேண்டும், ஆனால் எடுக்கும் கை இன்னொருவனுடையதாயிருக்க வேண்டும். பிறகு அந்தக் கையைப் பார்த்து நாம் முகத்தைச் சுளித்துக்கொள்ளவும் வேண்டும் என்கின்ற கூட்டத்தாரேயல்லவா? இந்தக் கூட்டத்தாரை அடையாளம் கண்டுகொள்ள நம் நாட்டாருக்கு அமெரிக்கா வரையில் போகவேண்டியதில்லை. ஒரு வேலை செய்யத் தக்கதானால் செய்பவனுக்கு மரியாதை கொடுக்க வேண்டும். செய்யத் தகாததானால் அதை யாரைக்கொண்டும் செய்விக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது நியாயம் ஒன்று இருக்க முடியாது.

லாஸ் ஏஞ்சல்ஸ் வழக்கு

இனி நம் காலத்தில் நடந்ததைப் பார்ப்போம். கலிபோர்னியா மாகாணத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி என்பது ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள் உள்ள இடம். அங்குள்ள ஷெரீப் இலாகாவைப் போலப் பெரிய ஷெரீப் இலாகா உலகத்தில் வேறில்லை. லீ பாக்கா என்பவர் அதற்கு ஷெரீப். பால் தனாகா என்பவர் துணை ஷெரீப். ஜெயிலில் கைதிகளை அடிக்கின்றார்கள், கொடுமை செய்கின்றார்கள் என்ற புகாரை எப்.பி.ஐ. என்னும் மத்திய சர்க்காரின் துப்பறியும் இலாகா இரகசியமாய் விசாரித்துவந்தது. 2011இல் ஒரு கைதியிடம் கைப்போன் ஒன்று அகப்பட, அவன் அந்த இலாகாவுக்குத் தகவல் கொடுப்பவன் என்பது வெளியாயிற்று. உடனே ஷெரீப் இலாகாவார் என்ன செய்தார்கள்? ஜெயிலில் நடக்கும் கொடுமையை நிறுத்தினார்களா? இல்லை. அந்தக் கைதியை மறைத்தார்கள். பொய்ப் பேர்களைப் போட்டு இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். விசாரணை செய்த எப்.பி.ஐ. உத்தியோகஸ்தரின் வீட்டுக்கே இரண்டு பேரை அனுப்பி, கைது செய்துவிடுவோம் என்று மிரட்டினார்கள்.

வழக்கு வந்தது. முதலில் அகப்பட்டவர்கள் யார்? சில்லறை உத்தியோகஸ்தர்கள். 2014இல் டெபுடிகளும் சார்ஜெண்டுகளும் லெப்டினெண்டுகளுமாக 6 பேர் ஒரே விசாரணையில் குற்றவாளிகளாகித் தண்டிக்கப்பட்டார்கள். "மேலே உள்ளவர்கள் உத்தரவிட்டார்கள், நாங்கள் செய்தோம்" என்ற அவர்களுடைய சமாதானம் எடுபடவில்லை. அதுவரையில் மேலே உள்ளவர்கள் வெளியில்தான் இருந்தார்கள். அதே வருஷத்தில் துணை ஷெரீப்பாயிருந்த தனாகா ஷெரீப் உத்தியோகத்திற்கே தேர்தலில் நின்று தோற்றார். பிறகு 2016இல் அவர் குற்றவாளியென்று தீர்ப்பாகி 5 வருஷ சிறைத்தண்டனை பெற்றார். 2017இல் ஷெரீப் பாக்காவும் குற்றவாளியாகி 3 வருஷ தண்டனை பெற்றார். ஆகக் கடைநிலையிலிருந்து உச்சிவரைக்கும் நீதி ஏறிப்போய்ச் சேர ஆறு வருஷம் பிடித்தது. எத்தனையோ இடங்களில் அது முதல் படியிலேயே மூச்சுவாங்கி உட்கார்ந்துவிடுகின்றது என்பதை நினைத்தால், லாஸ் ஏஞ்சல்ஸில் ஏறிவிட்டதே ஒரு பெரிய காரியம் என்றுதான் சொல்லவேண்டும்.

இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், தண்டனையில் அதிகம் பெற்றவர் முதல்வரல்ல, இரண்டாமவர் என்பதேயாகும். உண்பான் தின்பான் பைராகி, குத்துக்கு நிற்பான் வீரமுஷ்டி என்று நம்மூரில் சொல்லுவார்கள். அதைச் சொல்லித் துணை ஷெரீப்புக்காக இரக்கப்படலாமா என்றால், கூடாது என்றே நாம் சொல்லுகின்றோம். ஏனெனில் அவர் குத்துக்கு மாத்திரம் நிற்கும் வீரமுஷ்டியல்ல. அந்த இலாகாவின் நிர்வாகத்தையே கையில் வைத்துக்கொண்டிருந்தவர். நினைத்திருந்தால் கொடுமையைத் தடுத்திருக்கக்கூடிய இடத்தில் இருந்தவர்.

மனிதன் அம்பா?

இங்கே தான் நமது முக்கியமான கேள்வி வருகின்றது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று ஒரு பழமொழி இருக்கின்றது. கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும். அம்புக்கு அது சரிதான். அம்புக்குக் கண் இல்லை, காது இல்லை, யோசனை இல்லை, போகமாட்டேன் என்று சொல்ல வாய் இல்லை. ஆனால் மனிதன் அம்பா? "எஜமான் சொன்னார், செய்தேன்" என்பவன் தன்னை மனிதனல்ல, மரக்கட்டையில் இரும்பைச் செருகிய ஒரு கருவி என்று தானே ஒப்புக்கொள்ளுகின்றான். சுயமரியாதை என்பது பிறர் நம்மை இழிவாய் நடத்தக்கூடாது என்பது மாத்திரமல்ல. நம்மை நாமே பிறர் கைக் கருவியாக்கிக்கொள்ளக்கூடாது என்பதும் ஆகும். துணை ஷெரீப் பிரமாணம் எடுத்துக்கொள்ளுவது சட்டத்திற்கு. ஷெரீப் என்கின்ற ஆசாமிக்கல்ல. இந்த வித்தியாசம் தெரியாதவன் எவ்வளவு கெட்டிக்காரனாயிருந்தாலும் அந்த நாற்காலிக்குத் தகுதியற்றவன்.

"அப்படியானால் கட்டுப்பாடு என்ன ஆவது? கீழே இருப்பவன் ஒவ்வொரு உத்தரவுக்கும் தர்க்கம் பேச ஆரம்பித்தால் போலீசும் ஜெயிலும் நடக்குமா?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு உத்தரவுக்கும் தர்க்கம் பேசும்படி யாரும் சொல்லவில்லை. ரோந்து போ என்றால் போகத்தான் வேண்டும். கணக்கைக் கொண்டுவா என்றால் கொண்டுவரத்தான் வேண்டும். கைதியை ஒளித்துவை, கணக்கேட்டைத் திருத்து, சாட்சியை மிரட்டு என்றால் அது உத்தரவல்ல, குற்றத்திற்குக் கூட்டு அழைப்பது. அந்த இடத்தில் மாட்டேன் என்பவன்தான் கட்டுப்பாட்டைக் காப்பாற்றுகின்றவன். சரி என்பவனே அதைக் கெடுக்கின்றவன்.

"ஷெரீப் தனக்கு நம்பிக்கையானவரை வைத்துக்கொள்ளக்கூடாதா?" என்பார்கள். தாராளமாய் வைத்துக்கொள்ளலாம். ஜனங்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவர் காலை வாரிவிடும் ஒருவரைப் பக்கத்தில் கட்டிவைப்பது நிர்வாகமாகாது. ஆனால் நம்பிக்கை என்பது என்ன? என் தப்பை மறைப்பான் என்பதா? என் தப்பை முதலில் என்னிடமே எடுத்துச் சொல்லுவான் என்பதா? முன்னது திருடர்களுக்குள் இருக்கும் நம்பிக்கை. பின்னதுதான் பொது உத்தியோகத்தில் இருக்கவேண்டிய நம்பிக்கை.

செய்யவேண்டியது என்ன?

ஷெரீப் தேர்தலுக்கு நிற்பவர் தாம் யாரைத் துணை ஷெரீப்பாக நியமிக்கப்போகின்றார் என்பதைத் தேர்தலுக்கு முன்பே வெளியிட வேண்டும். நாளைக்குத் தங்கள் ஜெயில் சாவியை யார் வைத்திருக்கப்போகின்றார் என்று தெரிந்துகொண்டு ஓட்டுப் போடுவது ஜனங்களுடைய உரிமை. அடுத்து, எந்தெந்த அதிகாரம் துணை ஷெரீப்புக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்; அதை எவரும் பார்க்கலாம் என்று இருக்க வேண்டும். முக்கியமான உத்தரவு எதுவானாலும் கொடுத்தவர் பேரும் பெற்றவர் பேரும் எழுதப்பட வேண்டும். வாயால் கொடுத்த உத்தரவு வழக்கு வந்ததும் காற்றில் பறந்துபோகும். சட்டவிரோதமான உத்தரவுக்கு மாட்டேன் என்றதற்காகத் துணை ஷெரீப்பை நீக்க முடியாதபடி பாதுகாப்பும் வேண்டும். கட்சிக்காக நீக்குவதா கூடாதா என்று பேசிக்கொண்டிருப்பதைவிட, யோக்கியதைக்காக நீக்கக்கூடாது என்பது ஆயிரம் மடங்கு அவசியமானது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஷெரீப்பின் கீழ் இல்லாத ஒரு சபை ஜெயிலையும் கணக்குகளையும் பார்வையிட வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் தப்பு வெளியே வந்தது ஷெரீப்பாலுமல்ல, துணை ஷெரீப்பாலுமல்ல, வெளியிலிருந்து வந்த விசாரணையால்தான் என்பதை மறக்கக்கூடாது.

கடைசியாக ஒரு வார்த்தை. ஷெரீப் இல்லாத ஊரிலும் துணை ஷெரீப்புகள் இருக்கின்றார்கள். தலைவருக்குப் பின்னால் ஒரு காரியதரிசி, மேனேஜருக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா, பெரிய அதிகாரிக்குப் பின்னால் ஒரு சின்ன அதிகாரி என்று எல்லா இடங்களிலும் இந்த இரண்டாவது நாற்காலி போடப்பட்டுத்தான் இருக்கின்றது. வாசகர்களில் பலர் அதில் இன்று உட்கார்ந்துகொண்டோ, நாளைக்கு உட்காரப்போகின்றவர்களாகவோ இருப்பார்கள். அவர்கள் முதல் நாற்காலியைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம்; அதைப் பார்த்து நடுங்கவும் வேண்டாம். "நான் செய்வதற்கு நானே ஜவாப்தாரி" என்று சொல்லும் தைரியம் ஒன்று மாத்திரம் இருந்தால் போதும். அந்தத் தைரியம் இல்லாத இடத்தில் ஷெரீப் உயிரோடு இருந்தாலும் ஒன்றுதான், செத்தவர் பேரால் வாரண்டு போனாலும் ஒன்றுதான்.